பூசான் கடற்கரையில் ஒரு நாள்: தாத்தாவின் முழங்காலும் ஒரு ராணியின் கதையும்

நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொரியா தூர தேசமே இல்லை. பி.டி.எஸ். பாட்டு மனப்பாடம். எந்த ராமியோன் காரம், எது காரமில்லை என்பது அத்துப்படி. டிராமாவில் வரும் பையன் தன் அப்பாவை "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறான் என்பதையும் நமக்கு முன்னாடியே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதனால் "இந்த லீவுக்கு எங்க போலாம்?" என்று கேட்டால் பல வீடுகளில் பதில் ரெடியாக இருக்கிறது. ஊருக்குப் போகிற வழியில் சியோலில் இறங்கி நாலு நாள் தங்கிவிட்டுப் போகிற குடும்பங்களும் கூடிக்கொண்டே வருகின்றன.

சியோல் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இந்த மாசம் நாம் தென்கிழக்கு மூலைக்குப் போவோம். பூசான் நகரத்தின் கிழக்குக் கடற்கரை, ஒரே ஒரு நாள். கூட வருகிறவர்கள் யார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திட்டமே அவர்களை வைத்துத்தான். எல்லாத்தையும் போட்டோ எடுக்கணும் என்கிற பத்து வயசு. மணலைப் பார்த்தால் நகராத நாலு வயசு. படிக்கட்டைப் பார்த்ததும் "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க உட்கார்ந்துக்கறேன்" என்று சொல்லும் தாத்தா. கறி மீன் தொடாத பாட்டி. நடுவில் நாம்.

எங்கிருந்து கிளம்புவது

முதல் கேள்வி: சியோலிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாமா? கே.டி.எக்ஸ். ரயில் சியோலிலிருந்து பூசானுக்குச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் போய்விடுகிறது. காகிதத்தில் பார்த்தால் நடக்கிற காரியம். ஆனால் கடற்கரை பூசான் ஸ்டேஷன் வாசலில் இல்லை. அங்கிருந்து சப்வே லைன் 1 பிடித்து, சோமியோனில் லைன் 2 மாறி, ஹேஉண்டே போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக வரக் கூட்டிப் பார்த்தால் ஆறரை, ஏழு மணி நேரம் உட்கார்ந்தே கழியும். நாலு வயசோடு இது வேண்டாம். முந்தின நாள் சாயங்காலமே வந்து ஹேஉண்டேயில் ஒரு ராத்திரி தங்குங்க. முடிந்தால் இரண்டு ராத்திரி.

தங்கவே முடியாது, சியோலிலிருந்து ஒரே நாளில் கடல் பார்க்கணும் என்றால் பூசானை விட்டுவிட்டு காங்நுங் போங்க. 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக 2017 கடைசியில் திறந்த ரயில் பாதை அது. சியோலிலிருந்து சுமார் 2 மணி நேரம். அங்கே அன்மோக் கடற்கரையில் வரிசையாகக் காபிக் கடைகள். சோடாங் என்கிற பகுதியில் கடல் தண்ணீரை ஊற்றித் திரிய வைத்துச் செய்கிற டோஃபு பிரசித்தம். அந்த ஊருக்குத் தனிப் பத்தி எழுதணும், இப்போது வேண்டாம்.

கிளம்பும் முன்னால் மூன்று வேலை

விசா: ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று நாட்டு பாஸ்போர்ட் இருப்பது நமக்குச் சகஜம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரி பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமலே போகலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு விசா வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு இதைக் கவனிக்கிறவர்கள் நிறைய. முதலில் பாட்டி விசா, அப்புறம்தான் டிக்கெட்.

மேப்: மற்ற ஊர்களில் கூகுள் மேப்ஸை நம்பி இறங்கிவிடுவோம். கொரியாவில் அந்தப் பழக்கம் உதவாது. நுணுக்கமான வரைபடத் தகவலை நாட்டுக்கு வெளியே இருக்கிற சர்வருக்குக் கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும். வட கொரியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அனுமதியை அவர்கள் சுலபமாகக் கொடுப்பதில்லை. 2007-லும் 2016-லும் கூகுள் கேட்டுக் கிடைக்கவில்லை. இதனால் பல வருஷங்களாக அங்கே கூகுளில் பஸ், ரயில் தெரியும்; நடக்கிற வழி, கார் வழி ஒழுங்காகக் கிடைக்காது. நேவர் மேப், இல்லாவிட்டால் காகாவோ மேப், இரண்டில் ஒன்றைக் கிளம்பும் முன்பே போனில் போட்டு, போகப்போகிற இடங்களை வீட்டிலேயே சேமித்து வைங்க. இங்கிலீஷில் தேடினால் சில இடம் கிடைக்காது. கொரிய எழுத்துப் பெயரை காப்பி பண்ணிப் போட்டால் உடனே வந்துவிடும். அதே பெயரைப் பெரிசாகக் காட்டினால் டாக்ஸிக்காரருக்கும் புரியும்.

கார்டு: டி-மணி கார்டு ஒன்று ஆளுக்கு. கன்வீனியன்ஸ் ஸ்டோரிலேயே விற்கிறார்கள். சியோலில் வாங்கியது பூசான் பஸ்ஸிலும் சப்வேயிலும் ஓடும். பணம் ஏற்றுவதற்குக் கையில் கொஞ்சம் வோன் நோட்டு வைத்திருங்க. கிரெடிட் கார்டை நம்பி ஸ்டேஷன் மெஷின் முன்னால் நிற்க வேண்டாம். ஆறு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு, பெரியவரோடு வந்தால், சப்வே இலவசம்.

எப்போது போவது? ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே மழைக்காலம், சாங்மா என்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வரும். சூசோக், சொல்லால் என்ற இரண்டு பெரிய பண்டிகைகளின்போது நாடே ரயிலில் ஏறும், டிக்கெட் கிடைக்காது. ஏப்ரல், மே, அக்டோபர் அருமை. பள்ளி லீவு கோடையில்தான் என்றால், மழைக்கு ஒரு மாற்றுத் திட்டம் வைத்துக்கொண்டு போங்க. கடைசியில் சொல்கிறேன்.

நாளின் வடிவம்

ஒரு நாளில் எத்தனை இடம் என்று எண்ண ஆரம்பித்தால் அந்த நாள் கெட்டது. நான் முதலில் பார்ப்பது வெயில் எந்தப் பக்கம், கூட்டம் எந்த நேரம், படிக்கட்டு எங்கே என்பதைத்தான். இந்த மூன்றுக்கும் இந்தக் கடற்கரையில் ஒரே பதில்தான்: கிழக்குக் கோடியில் காலையில் தொடங்கி, திரும்பிப் பார்க்காமல் மேற்கே நகர்ந்து வாருங்கள். வந்த வழியில் திரும்புவது கிடையாது. கிழக்கே கோயில், அங்கிருந்து சோங்ஜோங், சொங்சாபோ, மிபோ, ஹேஉண்டே, தோங்பேக் தீவு, கடைசியில் குவாங்கல்லி. கோயிலுக்குக் காலை வெயில், குவாங்கல்லி பாலத்துக்கு ராத்திரி விளக்கு. கூட்டம் பஸ் பஸ்ஸாகக் கோயிலுக்கு வரும்போது நாம் அங்கிருந்து கிளம்பியிருப்போம்.

காலை 7 மணி: ஹேதோங் யோங்குங்சா

கொரியாவில் பெரும்பாலான புத்தக் கோயில்கள் மலைக்குள் இருக்கும். இது கடல் பாறை மேல் நிற்கிறது. 1376-ல் நாவோங் என்ற துறவி கட்டியது. 1592-ல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில் அழிந்து, இப்போது நாம் பார்ப்பது 20-ம் நூற்றாண்டில் மறுபடி எழுப்பியது. யோங்குங் என்றால் கடல் ராஜாவான டிராகனின் அரண்மனை. விடியும் முன்னாலேயே திறந்துவிடுகிறார்கள், உள்ளே போகக் கட்டணம் இல்லை.

ஹேஉண்டேயிலிருந்து டாக்ஸிதான் சுலபம். ஆறு பேர் என்றால் ஒரு டாக்ஸியில் ஏற்ற மாட்டார்கள், இரண்டு பிடிக்கணும். தோங்ஹே லைன் ரயிலில் ஒசிரியா ஸ்டேஷன் வரை வந்து அங்கிருந்து சின்னதாக ஒரு டாக்ஸி பிடிக்கவும் செய்யலாம்.

வாசலில் 12 ராசி விலங்குகள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கும். பிள்ளைகள் பிறந்த வருஷத்தைச் சொல்லி அவரவர் விலங்கைத் தேடட்டும், பத்து நிமிஷம் ஓடிவிடும். அதைத் தாண்டினால் சாலை விபத்து இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்வதற்கென்றே ஒரு கல் கோபுரம். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற நம்ம ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாட்டி தானாகவே கும்பிடுவார்.

அப்புறம் 108 படி, கீழே இறங்குகிற படி. இங்கேதான் தாத்தாவைக் கவனிக்கணும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, திரும்பி ஏறும்போதுதான் தெரியும். ஸ்ட்ரோலருக்கும் வீல்சேருக்கும் இது சரிப்படாது. நாலு வயசைத் தூக்கும் பெல்ட் கொண்டு போங்க. தாத்தா இறங்கவில்லை என்றால் அவரை வாசலிலேயே விட்டுவிடாமல், ஒருத்தர் கூட இருங்க. இரண்டு பேராக மாறி மாறிப் போய் வரலாம். "நான் இங்க உட்கார்ந்துக்கறேன்" என்பதற்குப் பல சமயம் "என்னால உங்களுக்கு நேரம் ஆகுது" என்றுதான் அர்த்தம். அதைக் கேட்டதும் சரி என்று கிளம்பிவிடக் கூடாது.

108 என்ற எண்ணைப் பிள்ளை கேட்பான். பௌத்தத்தில் மனிதனைப் பிடித்து ஆட்டும் துன்பங்கள் 108 என்று கணக்கு. ஜபமாலை மணியும் 108. நம்ம வீட்டிலும் பிள்ளையாரை 108 சுற்று சுற்றுகிறோம், 108 போற்றி சொல்கிறோம். இந்த எண் இந்தியாவில் பிறந்து பௌத்தத்தோடு கிழக்கே போனது. இதைத் தைரியமாகச் சொல்லலாம், இது உறுதியான செய்தி. ஏன் "உறுதியான" என்று அழுத்துகிறேன் என்பது கீழே வரும்.

9 மணி முதல் 2 மணி வரை: மணலும் ரயிலும்

கோயிலிலிருந்து சோங்ஜோங் கடற்கரைக்குச் சின்ன டாக்ஸிப் பயணம். ஆழமில்லாத கரை, அலைச் சறுக்கு கற்றுக்கொள்கிறவர்கள் கூட்டம். இங்கே ஒன்றரை மணி நேரம் எந்த வேலையும் இல்லை. நாலு வயசு மணலில் உட்காரட்டும், தாத்தா காபிக் கடையில் உட்காரட்டும். திட்டத்தில் இந்த ஓட்டையை வேண்டுமென்றேதான் விடுகிறேன். காலையில் ஏதாவது தாமதமானால் இதிலிருந்து கழித்துக்கொள்ளலாம்; தாமதமாகவில்லை என்றால் இதுதான் பிள்ளைக்கு அந்த நாளின் பெரிய சந்தோஷமாக இருக்கும்.

அடுத்தது புளூலைன் பார்க். பழைய தோங்ஹே நம்பு ரயில் பாதை இந்தக் கடலோரமாகத்தான் ஓடியது. 2013-ல் பாதையை உள்ளே தள்ளி மாற்றிவிட்டார்கள். கைவிட்ட தண்டவாளத்தில் 2020-லிருந்து சுற்றுலா ரயில் விடுகிறார்கள். சோங்ஜோங்கிலிருந்து மிபோ வரை 4.8 கிலோமீட்டர், ஆறு ஸ்டேஷன். இருக்கைகள் எல்லாம் கடலைப் பார்த்த மாதிரி நீளவாக்கில். மெதுவாகப் போகும். படி ஏற முடியாதவர்களுக்கும் கடல் முழுசாகக் கிடைக்கிற இடம் இது. தாத்தாவுக்கு மனசில் இதைத்தான் வைத்திருந்தேன்.

தரித்தோல் நிறுத்தத்தில் இறங்கினால் கடலுக்கு மேல் சுமார் 20 மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை வைத்த நடைபாலம். செருப்புக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு நடக்கணும். பத்து வயசு குதிக்கும், பெரியவர்களில் ஒருத்தர் கண்ணை மூடிக்கொள்வார். காற்று பலமாக அடித்தால் மூடிவிடுவார்கள்.

அதற்கு அடுத்த சொங்சாபோவில் சின்ன மீன்பிடித் துறைமுகம், வாயில் சிவப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு கலங்கரை விளக்கம். எல்லாரும் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்க ஒரு கேள்வி கேளுங்க: ஏன் இரண்டு நிறம்? கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வருகிற படகுக்காரருக்கு வலது கைப் பக்கம் சிவப்பு, இடது கைப் பக்கம் வெள்ளைக் கோபுரத்தில் பச்சை விளக்கு. இரண்டுக்கும் நடுவே வந்தால் பத்திரம். வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் இந்த விதி இரண்டு விதமாக இருக்கிறது. கொரியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், அமெரிக்கா, கனடா எல்லாம் ஒரு கட்சி. இந்தியா, இலங்கை, ஐரோப்பா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா எதிர்க் கட்சி. அங்கே உள்ளே வரும்போது சிவப்பு இடது பக்கம். உங்க ஊர் எந்தக் கட்சி என்று பிள்ளையே சொல்லட்டும்.

சொங்சாபோவிலிருந்து மிபோவுக்கு ஸ்கை கேப்சூல் பிடிங்க. தலைக்கு மேல் தனித் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் வண்ணப் பெட்டி, சுமார் அரை மணி நேரம். ஒரு பெட்டிக்கு நாலு பேர்தான், கட்டணமும் ஆளுக்கு இல்லை, பெட்டிக்கு. ஆறு பேர் என்றால் இரண்டு பெட்டி. எந்தப் பிள்ளை எந்தப் பெட்டி என்ற சண்டையை முதல் நாளே முடித்துவிடுங்க. சனி, ஞாயிறில் அன்றைக்குப் போய் டிக்கெட் கேட்டால் கிடைக்காது, ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்கணும். அன்றைய நாளில் நேரம் குறித்து எடுக்க வேண்டிய டிக்கெட் இது ஒன்றுதான். அதனால் மற்ற நேரங்களை எல்லாம் இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்க.

சாப்பாடு: பாட்டிக்கு என்ன?

சொங்சாபோவில் கடைக்குக் கடை சிப்பி சுடுவார்கள். சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். சாப்பிடாதவர்களுக்கு அங்கே ஒன்றுமில்லை என்பதே உண்மை. கொரியாவில் சைவம் கஷ்டம், ஏனென்றால் மறைந்திருக்கிற மீன்தான் பிரச்சினை. சூப்புக்கு அடிப்படை பெரும்பாலும் நெத்திலிக் கருவாடு கொதிக்க வைத்த தண்ணீர். கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும், அவர்கள் கணக்கில் அது கறி இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லணும்: "கோகி, செங்சொன் அன் மொகோயோ." கறியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். பிபிம்பாப் கேட்டு "கோகி பேஜுசேயோ", கறியை எடுத்துவிடுங்கள் என்றால் ஓரளவு சமாளிக்கலாம்.

அதைவிட நம்பகமான வழி பையிலேயே இருக்கிறது. எந்தக் கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் இரண்டு நிமிஷம் சூடு பண்ணினால் போதும் என்கிற வெள்ளைச் சாதம் கிண்ணத்தில் கிடைக்கும், ஹெட்பான் என்று கேட்டால் தெரியும். மைக்ரோவேவ் கடையிலேயே இருக்கிறது. இனிப்பில்லாத பிளெய்ன் யோகர்ட் ஒன்று, பாட்டி கொண்டுவந்த ஊறுகாய், ஒரு டப்பா பருப்புப் பொடி. கடலைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதம். யோகர்ட் வாங்கும்போது மட்டும் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்க, பாதிக்கு மேல் சர்க்கரை போட்டதுதான்.

இன்னொன்று: நிறைய சாப்பாட்டுக் கடைகள் மத்தியானம் 3 மணியிலிருந்து 5 மணி வரை அடுப்பை அணைத்துவிடும். 12 மணிக்கே சாப்பிட உட்காருங்க.

மத்தியானம்: ரூமுக்குப் போங்க

2 மணிக்கு மிபோவில் இறங்கினால் ஹேஉண்டே கடற்கரையின் ஒரு முனை. ஹோட்டல் பக்கத்திலேயே. எல்லாரும் 4 மணி வரை தூங்குங்க. "இவ்வளவு தூரம் வந்து தூங்கறதா?" என்று கேட்கிறவர் வீட்டில் ஒருத்தர் இருப்பார். அவரைத் தனியாகக் கடற்கரைக்கு அனுப்பிவிடுங்க. சாயங்காலம் அழாத பிள்ளை வேண்டும் என்றால் இந்த இரண்டு மணி நேரத்தில் கை வைக்கக் கூடாது.

தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஹேஉண்டேயில் கரையிலிருந்து ஆளை உள்ளே இழுக்கிற நீரோட்டம் வருவது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கோடையில் உயிர்காப்பாளர்கள் இருக்கிற காலத்தில், அவர்கள் கயிறு கட்டிய எல்லைக்குள் மட்டும் குளிங்க. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 119. மொழி புரியாமல் எங்கே மாட்டிக்கொண்டாலும் 1330, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண், இங்கிலீஷில் பேசுவார்கள்.

சாயங்காலம்: தோங்பேக் தீவும் அந்த ராணியும்

கடற்கரையின் மேற்கு முனையில் தோங்பேக் தீவு. பெயர்தான் தீவு, மணல் சேர்ந்து எப்போதோ கரையோடு ஒட்டிவிட்டது. சுற்றிவரச் சமமான பாதையும் இருக்கிறது. 2005-ல் ஆசிய பசிபிக் தலைவர்கள் மாநாடு நடந்த வட்டக் கட்டடம் இங்கேதான். சில்லா காலத்துப் புலவர் சோ சிவோனின் புனைபெயர் "ஹேஉன்", கடல் மேகம். அந்தப் பெயரே ஹேஉண்டே என்று ஊருக்கு ஆனது.

பாதைக்குக் கீழே, பாறை மேல் ஒரு கடற்கன்னி சிலை உட்கார்ந்திருக்கும். பெயர் ஹ்வாங்கோக். தூரத்துக் கடல் நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த இளவரசி. ஊர் ஏக்கம் தாங்காமல், பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு மஞ்சள் மணிக்கல்லில் தன் நாட்டைப் பார்த்துக்கொள்வாளாம். வெளிநாட்டில் குடும்பம் நடத்துகிற நமக்கு இந்தக் கதை சட்டென்று பிடித்துவிடும். வீடியோ கால் இல்லாத காலம், பாவம்.

அந்தப் பெயரை வாட்ஸ்அப்பில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். "கொரியாவை ஆண்ட தமிழ் ராணி." ஹோ ஹ்வாங்கோக், நம்ம பக்கம் "செம்பவளம்". தாத்தா அந்த வீடியோவைக் காட்டியிருப்பார். சிலையின் முன்னால் நின்று பிள்ளை கேட்பான்: "அப்பா, இவங்க நிஜமாவே தமிழா?"

இங்கே என்ன பதில் சொல்கிறோம் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் தெரிந்ததை வரிசையாக வைக்கிறேன்.

கதை இருப்பது சம்குக் யூசா என்ற நூலில். 13-ம் நூற்றாண்டில் இர்யோன் என்ற புத்தத் துறவி தொகுத்தது. அதன்படி கி.பி. 48-ல், ஆயுதா என்ற நாட்டு இளவரசி, 16 வயசு, சிவப்புப் பாய் கட்டிய கப்பலில் வந்து, கயா நாட்டு அரசர் சுரோவை மணந்தார். அந்த அரசர் வானத்திலிருந்து இறங்கிய தங்க முட்டையில் பிறந்தவர். ராணி 157 வயசு வரை வாழ்ந்தார். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் நூல் எழுதிய காலத்துக்கும் நடுவில் சுமார் 1,200 வருஷம்.

ஆயுதா எது? அயோத்தி என்பது ஒரு கட்சி. 2001-ல் அயோத்தியில் ராணிக்கு நினைவிடம் வைத்தார்கள், 2018-ல் தென் கொரிய அதிபரின் மனைவி அங்கே வந்து போனார். குமரிப் பக்கத்து ஆய் நாடு என்பது நம்ம ஆட்கள் கட்சி. அரசர் சமாதி வாசலில் இருக்கிற இரட்டை மீனைக் காட்டி, பாண்டியர் சின்னம் பாருங்கள் என்பார்கள். ஆனால் நம்ம சங்கப் பாட்டு எதிலும் இப்படி ஒரு பெண் கிழக்கே போன செய்தி கிடையாது. ஹ்வாங்கோக் என்றால் மஞ்சள் மணிக்கல்; செம்பவளம் என்பது அந்தப் பெயரின் மொழிபெயர்ப்புகூட இல்லை.

சரி, அப்பா, அம்மா? "நா" என்றால் நான், "நோ" என்றால் நீ, "ஐகோ" என்றால் ஐயோ. கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் போட்டார். இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை. அப்பா, அம்மா மாதிரி குழந்தை முதலில் எழுப்பும் சத்தங்கள் சம்பந்தமே இல்லாத பல மொழிகளில் ஒன்றுபோல இருக்கும். நாலு சொல் ஒத்துப்போவது போதாது. சொல்லுக்குச் சொல் ஒலி மாறுகிற விதி கிடைத்தால்தான் உறவு என்பார்கள்.

அப்போ ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கொரியாவின் பழைய கல்லறைகளில் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. "இந்தோ-பசிபிக் மணிகள்" என்று பெயர். இந்த மணி செய்கிற தொழில்நுட்பம் தொடங்கிய இடங்களில் ஒன்று புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு. அங்கிருந்து தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்கு அந்தத் தொழில் போனது, அங்கெல்லாம் செய்த மணிகள் கைமாறிக் கைமாறிக் கிழக்கே போயின. இரும்புக்குப் பேர்போன கயா நாடும் கடல் வாணிபத்தில் இருந்த நாடுதான். நம்ம கரையையும் அந்தக் கரையையும் கடல் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

எங்க வீட்டில் நாங்கள் சொல்வது இதுதான்: "ராணி எங்கிருந்து வந்தாங்கன்னு யாருக்கும் நிரூபிக்க முடியல. கொரியாவுல லட்சக்கணக்கான பேர், கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ குடும்பத்துக்காரங்க, அவங்களைத் தங்க பாட்டின்னு சொல்றாங்க. மணி போனது நிஜம்." பத்து வயசுக்கு இது போதும். நாம் பெருமைப்படுகிற மாதிரி ஒரு கதையை உண்மை என்று ஊட்டிவிட்டால், பதினைந்து வயசில் அவளே தேடிப் படித்துவிட்டு "அப்பா சொன்னது கதை" என்பாள். அதற்கப்புறம் கீழடி என்று சொன்னாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பாள். வெளிநாட்டில் வளரும் பிள்ளையிடம் நம் வரலாற்றுக்கு இருக்கிற மதிப்பே நாம் சொல்வதை நம்பலாம் என்பதில்தான் நிற்கிறது. தாத்தா மனசு நோகாமல் இதைச் சொல்வது உங்கள் சாமர்த்தியம். "தாத்தா, அந்த 157 வயசு மேட்டர் தெரியுமா?" என்று பிள்ளையை விட்டுக் கேட்க வைங்க. தாத்தாவே சிரித்துவிடுவார்.

அதே நாளில் கிம்ஹேவும் போகலாமா?

ராணியின் சமாதி, அரசரின் சமாதி, ராணி கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் கற்களாலான பாசா கோபுரம், தேசிய அருங்காட்சியகம் எல்லாம் பக்கத்து ஊரான கிம்ஹேயில் இருக்கின்றன. அங்கே இருக்கிற தேசோங்-தோங் கல்லறை மேடுகள், மற்ற கயா கல்லறைகளோடு சேர்ந்து, 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஆசை வரும். ஆனால் கோயில் கிழக்குக் கோடி, கிம்ஹே மேற்கே. ஹேஉண்டேயிலிருந்து சப்வேயில் சசாங் போகவே முக்கால் மணி நேரத்துக்கு மேல். இதே நாளில் சேர்த்தால் இரண்டும் பாழ்.

வழி இருக்கிறது. பூசான் விமான நிலையம் கிம்ஹே பக்கத்தில்தான். சசாங்கிலிருந்து கிளம்புகிற லைட் ரயில் விமான நிலையம் வழியாகத்தான் கிம்ஹே ஊருக்குள் போகிறது, டிரைவர் இல்லாத வண்டி, முன் கண்ணாடியில் பிள்ளைகள் உட்காரலாம். விமானத்தில் வருகிறவர்கள் வந்து இறங்கும் நாளிலோ கிளம்பும் நாளிலோ அரை நாள் அதற்கு ஒதுக்குங்க. சுரோ அரசர் சமாதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் தனித்தனி ஸ்டேஷன் உண்டு. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகம் லீவு.

ராத்திரி, அப்புறம் மழை

இருட்டினதும் லைன் 2-ல் ஆறு ஸ்டேஷன், குவாங்கன். அங்கிருந்து நடந்தால் குவாங்கல்லி கடற்கரை. 7.42 கிலோமீட்டர் நீளக் கடல் பாலம் முழுக்க விளக்கு. சனிக்கிழமை என்றால் வானத்தில் ட்ரோன் காட்சியும் உண்டு, அன்றைக்கு சப்வே திருவிழாக் கூட்டமாக இருக்கும். நாலு வயசு சோர்ந்துவிட்டால் இதை யோசிக்காமல் விட்டுவிடுங்க.

மழை பெய்தால்: கண்ணாடிப் பாலத்தையும் தோங்பேக் தீவையும் வெட்டுங்க, ஹேஉண்டே கரையிலேயே இருக்கிற அக்வேரியத்தைச் சேருங்க. ரயிலும் கேப்சூலும் மழையிலும் நன்றாகத்தான் இருக்கும், கண்ணாடி வழியாகக் கடல். புயல் எச்சரிக்கை என்றால் கடலோரமே வேண்டாம், அன்றைக்கு கிம்ஹே அருங்காட்சியகம்.

நேரம் போதவில்லை என்றால் வெட்டுகிற வரிசை: முதலில் குவாங்கல்லி, அடுத்தது கண்ணாடிப் பாலம், அதற்கடுத்தது கோயில்கூட. சோங்ஜோங் மணலையும் மத்தியானத் தூக்கத்தையும் மட்டும் வெட்டாதீங்க. போயிட்டு வந்து எழுதுங்க, பாட்டி எந்த ஊறுகாய் கொண்டுபோனார் என்பதையும் சேர்த்து.